மூன்றாவது விசில்

அத்தியாயம் பதினொன்று

டம்ளர் மேஜையிலிருந்து விழுந்து உருண்ட இடத்தில் போன வாரம் உங்களை விட்டுவிட்டுப் போனேன். ஒரு டம்ளரை எடுத்து வைக்க ஒரு வாரமா என்று கோபித்துக்கொண்டவர்களுக்குப் பதில்: எடுத்தாயிற்று. சிந்திய காபியையும் துடைத்தாயிற்று. துடைக்க முடியாதது சாவியக்காவின் வயிற்றில் கரைந்த புளி ஒன்றுதான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியக்கா சந்தை முனையில் பூட்டு, சாவிக் கடை வைத்திருப்பவள். கணவர் நகரப் பேருந்தில் டிரைவர். அவளுடைய கூடப் பிறந்த தம்பி அதே பேருந்தில் கண்டக்டர். விசில் ஊதுவதில் அவனுக்கு இருக்கும் ஆசையைப் பார்த்து டெப்போவில் பீப்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டிரைவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற வியாதி. வலிக்காது, உறுத்தாது. நடுப் பார்வை நன்றாகவே இருக்கும். ஓரம் மட்டும் ஓசைப்படாமல் சுருங்கிக்கொண்டு வரும். சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது, வண்டி ஓட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார் கண் டாக்டர்.

சபையில் அவருக்காக ஜெபித்தார்கள். மறுநாள் காலை விழித்தபோது எதிர்ச் சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று நாலு பேர் அறியச் சொல்லலாம். அந்த ஞாயிறே டிரைவர் எழுந்து, "என் கண்ணை ஆண்டவர் தொட்டுட்டாரு, மருந்தை எடுத்து மேல வச்சிட்டேன்" என்று அழுதார். சபையே சேர்ந்து அழுதது.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் சாட்சி சொல்லலாம்ல?" என்று முந்தின நாள் கேட்டிருந்தாள் சாவியக்கா.

"காட்டினா அது சந்தேகப்படுற மாதிரி. விசுவாசம்னா என்னன்னு நினைச்சே?" என்று வாயை அடைத்துவிட்டார். சொட்டு மருந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அதன் பிறகு அது கீழே இறங்கவேயில்லை.

இனி இன்றைய காலை.

டிரைவர் தட்டிவிட்ட டம்ளர் இருந்தது அவருடைய இடது கைப் பக்கம். "யாரு இதை இங்க கொண்டாந்து வச்சது?" என்று எரிந்து விழுந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து டம்ளர் அங்கேதான் இருக்கிறது. சாவியக்காவுக்குள் ஒரு எண்ணம் தலைகாட்டியது. அதைத் தள்ளிவிட முயன்றாள்; அது போகவில்லை.

டிரைவர் முகம் கழுவக் குனிந்தபோது அவள் துண்டை எடுத்துக்கொண்டு போய் அவருடைய இடது பக்கம் நின்றாள். கைக்கெட்டும் தூரம். துண்டை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் நிமிர்ந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நேரே பார்த்தார்.

"ஏய் நடுக்கம்! துண்டு எங்கடி?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

நடுக்கம் என்பது அவர் ஆசையாக வைத்த பெயர். பல்லியைப் பார்த்தாலும் நடுங்குவாள், திடீரென்று போன் அடித்தாலும் நடுங்குவாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது அவள் உண்மையாகவே நடுங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"காது கேக்கலையா? துண்டு!"

மெல்ல எட்டி அவர் தோளில் துண்டைப் போட்டாள். ஆள் துள்ளி விழுந்தார்.

"எப்ப வந்த நீ?"

"இப்பதான்" என்று பொய் சொன்னாள்.

வாசலில் பீப்பி வந்து நின்றான். தினமும் மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு டெப்போவுக்கு நடப்பது வழக்கம். இருவரும் தெருவில் இறங்கிப் போவதைச் சாவியக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தம்பி அவருக்கு இடது பக்கமாகத் தோளை உரசிக்கொண்டு நடந்தான். சைக்கிள் ஒன்று வந்தபோது லேசாக இடித்து அவரை ஒதுக்கினான். இவன் எப்போதிருந்து இப்படி நடக்கிறான்?

கடையைத் திறந்தாள். ஜெபம் செய்தாள். சாவியக்காவின் ஜெபம் முழுக்க 'வேண்டாம்'களால் ஆனது. திருட்டுப் போக வேண்டாம், தீப்பிடிக்க வேண்டாம், காய்ச்சல் வர வேண்டாம், கெட்ட சேதி வர வேண்டாம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் புதிதாக நாலு பயம் வந்து வரிசையில் நிற்கும். இன்றைக்கோ ஒரே பயம்தான், ஆனால் அதைச் சொல்லிக் கேட்கவே பயமாக இருந்தது. 'அவருக்குக் கண் தெரியவில்லை' என்று ஆண்டவரிடமே சொன்னாலும் அது அவிசுவாசம் ஆகிவிடுமோ? சொல்லாமல் விட்டால் எத்தனை பேர் அந்த வண்டியில்?

முதல் ஆளாக ஒரு வாடகை வீட்டுக்காரர் வந்தார். வீட்டுச் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி. அசலை ஒரு பிடியிலும் வெறும் சாவியை மறு பிடியிலும் மாட்டி இயந்திரத்தை ஓட்டினாள். பித்தளைத் தூள் பறந்தது. அரத்தால் பிசிறு நீக்கிக் கொடுத்த பிறகு அவர் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"என்னக்கா, பல்லெல்லாம் தலைகீழா இருக்கு? இதுக்கு ஏத்த மாதிரி நான் கதவை மாத்திக்கணுமா?"

வெறும் சாவியைப் புரட்டி மாட்டியிருக்கிறாள். கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து செய்யாத தப்பு. மன்னிப்புக் கேட்டு வேறு வெட்டிக் கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய சாலையில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. தினமும் போவதுதான். இன்றைக்கு அது கணவரின் பேருந்தை நோக்கியே போகிறது என்று அவள் உடம்பு நம்பியது. பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்காரரிடம், "அண்ணே, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டாள்.

"எங்கம்மா, இப்பதானே திறந்தே?"

"பஸ்ல போகணும்ணே."

"எங்க?"

"எங்கேயும் இல்ல" என்றாள். வாட்ச்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

அவர் ஓட்டும் பேருந்து வந்தது. எல்லாரும் ஏறும் பின்வாசலில் அவளும் ஏறினாள். வழக்கமாகப் பீப்பி அங்கேதான் நிற்பான், வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டு. இன்றைக்கு இல்லை. கூட்டத்துக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவன் முன்னால், எஞ்சின் மூடியை ஒட்டி, முன்கண்ணாடியின் இடது மூலையில் கண்ணை வைத்தபடி நின்றான்.

"கண்டக்டர்! டிக்கெட் குடுக்கிற எண்ணம் இருக்கா, இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் விட்டார்.

"காசைக் கைமாத்தி விடுங்க சார், டிக்கெட் வந்து சேரும்!" திரும்பிப் பார்க்காமலே பதில் வந்தது.

இரண்டு விசில். வண்டி கிளம்பியது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு விசில், நின்றது. மறுபடி இரண்டு, கிளம்பியது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று சாவியக்கா மூச்சு விட்டாள். அவருடைய முதுகும் ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளும் தெரிந்தன. இந்தக் கைகளை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் தூங்கி எழுந்திருக்கிறாள்.

அப்போதுதான் அது கேட்டது. 'ஃபீ'. பாதி மூச்சில் ஊதிய விசில். யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. வண்டி லேசாக வலது பக்கம் ஒதுங்கியது. இடது ஜன்னலில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது, உரசாத குறையாகக் கடந்துபோனது.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி 'ஃபீ'. இந்தத் தடவை ஒரு சைக்கிள்காரர். அப்புறம் ஒரு தள்ளுவண்டி. ஒவ்வொரு 'ஃபீ'க்கும் அவர் கை கொஞ்சம் வலது பக்கம் திரும்பியது.

"இந்தக் கண்டக்டருக்கு விசில் ஊதலைன்னா சாப்பாடு இறங்காது போல" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்தாள்.

சாவியக்காவால் சிரிக்க முடியவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிற்பதற்கு ஒன்று, கிளம்புவதற்கு இரண்டு என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. இந்த மூன்றாவது விசில் மாமாவும் மச்சானும் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டது. அவள் கணவருடைய இடது கண் இப்போது அவள் தம்பியின் வாயில் இருந்தது. இந்தப் பேருந்தில் உட்கார்ந்து தூங்கி வழிகிறவர்கள், பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்கள், காதில் பாட்டுக் கேட்பவர்கள், அத்தனை பேர் உயிரும் ஒருவன் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பியைப் பிடித்து, ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். பீப்பி திரும்பியவன் அவளைப் பார்த்துவிட்டான். முகம் பேயறைந்தது போல ஆனது.

"அக்கா? நீ எங்க இங்க?"

"நீ என்னடா பண்ணிட்டு இருக்கே?"

"அப்புறம் சொல்றேன். இப்பப் பேசாத. தயவு செஞ்சு பேசாதக்கா."

அவன் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்புவதற்குள் ஒரு பெரியவர் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, ஆஸ்பத்திரி ஸ்டாப் தாண்டிருச்சா? நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், நீ ஊதிக்கிட்டே இருக்கே."

"அடுத்ததுதான் பெரியவரே, விடுங்க கையை."

வண்டி இடது பக்கம் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. சாவியக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நடைபாதையை ஒட்டி ஒரு மனிதர் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார், முன்கம்பியில் ஒரு குழந்தையை உட்காரவைத்து. பேருந்தின் மூக்கு அவர்கள் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. விசில் வரவில்லை. டிரைவர் நேரே பார்த்தபடி, நிம்மதியாக, ஸ்டியரிங்கை இன்னும் வளைத்தார்.

"நிறுத்துங்க!"

அது தன் குரல்தான் என்று அவளுக்கே தெரியாது. பிரேக் கீச்சிட்டது. நின்றவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு பை கிழிந்து வெங்காயம் உருண்டது. பிறகு ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த ஒரு நொடியில் சாவியக்கா செத்துப் பிழைத்தாள்.

சைக்கிள் நடைபாதையில் மோதிச் சாய்ந்து கிடந்தது. குழந்தையை மார்போடு அணைத்தபடி அந்த மனிதர் எழுந்து நின்றார். முழங்கையில் சிராய்ப்பு. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அது வீரிட்டு அழுதது.

"யோவ்! கண்ணு தெரியலையா உனக்கு?"

சாலையில் எல்லாரும் எல்லாரையும் தினமும் கேட்கிற கேள்விதான். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

பீப்பி இறங்கிப் போய் அந்த மனிதரின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். பிறகு பயணிகளை இறக்கினான். அடுத்த வண்டியில் இதே டிக்கெட் செல்லும் என்றான். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பெரியவர் மட்டும், "நல்லவேளை, நான் போற ஆஸ்பத்திரிக்கே எல்லாரையும் கூட்டிட்டுப் போகப் பாத்தீங்களேப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலிப் பேருந்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"எவ்வளவு நாளாடா இது?" என்று கேட்டாள் சாவியக்கா.

பீப்பி தரையைப் பார்த்தான். "சாட்சி சொன்ன கொஞ்ச நாள்லயே மாமா ஒரு தடவை தூண்ல இடிச்சாரு. அப்புறம் நான்தான்... நான் பாத்துக்கறேன் மாமான்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"உங்கிட்டச் சொன்னா நீ பயப்படுவேக்கா."

"பயப்பட வேண்டியதுக்குப் பயந்தா என்னடா தப்பு?"

"அவனை விடு" என்றார் டிரைவர். இன்னும் சீட்டிலேயே இருந்தார், கைகள் ஸ்டியரிங் மேல். "அவன் மேல தப்பில்ல. நான்தான் கேட்டுக்கிட்டேன்."

"உங்களுக்குத் தெரியலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்." குரல் உடைந்தது. "கண்ணு போறதுகூடப் பெருசா தோணல. நான் எழுந்து நின்னு சொல்லிட்டேன்டி. அன்னைலேர்ந்து ஜனங்க என்கிட்ட வந்து தலையைக் குனியறாங்க, ஜெபிங்க அண்ணேங்கறாங்க. இப்பப் போய் சரியாகலைன்னு நான் சொன்னா, ஆண்டவரோட பேரு என்ன ஆகும்?"

சாவியக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு அது புதுசு. பயம்தான் வரும், கோபம் வராது.

"அவரோட பேரைக் காப்பாத்துற வேலையை உங்ககிட்ட யாரு குடுத்தா? நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து அவரு தன் பேரைத் தானே பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. உங்களுக்குக் குடுத்த வேலை ரோட்டைப் பாக்கறது. அது முடியலைன்னா கீழ இறங்குங்க."

பீப்பிக்குச் சிரிப்பு வந்து பாதியில் அழுகையாக மாறியது.

டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "நான் ரொம்பப் பயந்துட்டேன்டி" என்றார். "தினம் காலையில வண்டிய எடுக்கறப்ப எனக்குக் காலு உதறும். யாருக்கும் தெரியாது."

இத்தனை வருஷத்தில் அவர் பயம் என்ற சொல்லைத் தன்னோடு சேர்த்துச் சொல்லி அவள் கேட்டதில்லை. வீட்டில் இருந்த பயம் முழுவதையும் அவள் பெயரில் எழுதிவைத்துவிட்டு, இந்த மனிதர் தன் பங்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அவளுக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

எஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்தாள். "ஜெபம் பண்ணலாம்" என்றாள். எப்போதும் அவர்தான் தொடங்குவார். இன்று அவளே கண்ணை மூடினாள். மனதுக்குள் தன்னுடைய 'வேண்டாம்'களைத் தேடினாள். ஒன்றையும் காணோம். வேண்டாம் என்று கேட்டதில் பாதி நடந்தே விட்டது. கண் போய்க்கொண்டிருக்கிறது, வேலை போகப் போகிறது, மானமும் இன்று சாயங்காலத்துக்குள் போய்விடும்.

"எங்களோட இருங்கப்பா" என்றாள். "அது போதும்."

வேறு எதுவும் வரவில்லை. ஆமென்.

கண்ணைத் திறந்தபோது வெளியே அதே சாலை, அதே வெயில். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது வயிற்றில் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தக் காலிப் பேருந்தில், அழுது வீங்கிய கணவரையும் மூக்கை உறிஞ்சுகிற தம்பியையும் பார்த்தபோது, தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இது எப்படி என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. இருவரையும் பார்த்துக்கொண்டு நிறைந்த மனதோடு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் டெப்போவுக்குப் போன் செய்தார். "வண்டி வளைவுல நிக்குது சார். வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குக் கண்ணு சரியில்ல... இன்னிக்கு இல்ல சார், ரொம்ப நாளா."

"என்னையும் சேத்துச் சொல்லுங்க மாமா" என்றான் பீப்பி. அவன் முகம் வெளிறியிருந்தது. அடுத்த மாதம் அவனுக்கு நிச்சயதார்த்தம். "மறைச்சது நானும்தான்."

மறுநாள் காலையில் இருவரும் மேலாளர் முன்னால் வந்து நிற்க வேண்டும், அதுவரை வண்டிப் பக்கமே வரக் கூடாது என்று பதில் வந்தது.

மத்தியானமே கண் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் திட்டினார், பிறகு கருவியில் பார்த்தார், பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டார். "போனது போனதுதான். திரும்பி வராது. மருந்தை விடாமப் போட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம். இனி எந்த வண்டியும் ஓட்டக் கூடாது" என்றார். வெளியே வந்து வாசல் மர நிழலில் நின்றார்கள்.

"இருக்கறதைக் காப்பாத்தலாம்னாரு" என்றார் டிரைவர்.

"ஆமா."

"உன் மூஞ்சி தெரியுது."

"அது ஒண்ணும் பெரிய காட்சி இல்ல" என்றாள். அவர் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

சாயங்காலம் போதகர் வீட்டுக் கூடத்தில் வாராந்திர ஜெபக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. போதகரிடம் முன்கூட்டியே வாசலில் வைத்துச் சொன்னார்கள். நல்ல மனிதர், சாட்சி நாளன்று எல்லாரையும் விடப் பலமாக அல்லேலூயா சொன்னவர் அவர்தான். முகம் வாடிவிட்டது.

"இன்னைக்கே சொல்லணுமா? கொஞ்சம் பொறுத்து, நான் பக்குவமா..."

"எழுந்து நின்னு சொன்னதை எழுந்து நின்னுதான் திருப்பிச் சொல்லணும் பாஸ்டர்" என்றார் டிரைவர்.

போதகர் யோசித்தார். "நானும்தான் டாக்டர்கிட்டக் காட்டினீங்களான்னு கேக்கல" என்று மெல்லச் சொல்லி வழிவிட்டார்.

இந்த முகங்களை எல்லாம் சாவியக்காவுக்குத் தெரியும். பிள்ளை வரம் கேட்பவர்கள், குடிகாரப் புருஷனுக்காக ஜெபிப்பவர்கள், முழங்கால் வலிக்காரர்கள். எல்லாரும் அவள் கணவரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் புன்னகைகளைப் பார்க்கத்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

டிரைவர் எழுந்தார்.

"ஆண்டவர் என் கண்ணைச் சொகமாக்கிட்டாருன்னு இங்க நின்னு சொன்னேன். அது நடக்கல. எனக்கு ஆசை, அதனால நடந்துட்டதா நானே முடிவு பண்ணிட்டேன். டாக்டர்கிட்டப் போகாம, மருந்து போடாம, கண்ணு தெரியாமலே வண்டி ஓட்டினேன். இன்னைக்குக் காலையில ஒரு குழந்தைய... " நிறுத்தினார். "கொல்லப் பாத்தேன். ஆண்டவர் காப்பாத்தினாரு. இதுதான் என் சாட்சி."

அவர் நாற்காலி வரிசைகளைப் பார்த்துத் தொடர்ந்தார்.

"கேட்டது கிடைக்கல. நாளைக்கு வேலை இருக்கா இல்லையான்னு தெரியாது. ஆனா எனக்கு இன்னைக்கு மனசு நெறைஞ்சிருக்கு. பொய்யாச் சொல்லல. அவரு என் கூட இருக்காரு. அந்தச் சாட்சி சொன்ன அன்னைக்கு எனக்கு இந்த நிம்மதி இல்ல. யாராவது நான் சொன்னதை நம்பி..."

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். இஸ்திரிக் கடை வைத்திருக்கும் இளம்பெண் எழுந்து நின்றாள். அதிகம் பேசாதவள், கூட்டத்துக்கு வந்தால் ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள். அவளுடைய சின்ன மகளுக்கு அடிக்கடி வலிப்பு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணே" என்றாள். மறுபடி கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க மருந்தை எடுத்து மேல வச்சிட்டேன்னு அன்னைக்குச் சொன்னீங்களே. நானும் என் பாப்பாவோட மாத்திரைய நிறுத்திட்டேன்."



"பாப்பா எங்க இப்போ?" என்று கேட்டது சாவியக்கா.

"வீட்டுல. தூங்குறா. மத்தியானத்துலேர்ந்து தூங்குறா. உலுக்கினேன், எந்திரிக்கல. ஆண்டவர் குடுத்த நல்ல தூக்கம்னு நெனச்சு... எழுப்பாம வந்துட்டேன்."

அந்தச் சொல் முடிவதற்குள் சாவியக்கா தெருவில் இறங்கிவிட்டாள். செருப்புத் தேட நிற்கவில்லை. பின்னால் போதகர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும் குரல் கேட்டது, பீப்பி ஓடி வரும் காலடி கேட்டது, தாய் கதறுவது கேட்டது. பயம் இருந்தால் இருக்கட்டும் என்று ஓடினாள். "கூட வாங்க, கூட வாங்க" என்று அவள் வாய் சொல்லிக்கொண்டே வந்தது. அது பின்னால் வந்தவர்களைப் பார்த்துச் சொன்னதல்ல.

இஸ்திரிக் கடையின் பின்பக்கம் இருந்த ஒரே அறைதான் அவர்கள் வீடு. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினாள். பாயில் ஒரு குட்டி உருவம் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது. சாவியக்கா மண்டியிட்டு அதன் முதுகில் கையை வைத்தாள்.

டிரைவர் மூச்சிரைக்க வாசலுக்கு வந்து சேர்ந்தார். உள்ளே வரத் துணிவில்லாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுடி" என்றார். "மூச்சு இருக்கா?"

(தொடரும்)